பொட்டலக் காகிதம்

மறுபடியும் கேட்டுவிட்டாள். சத்தம் வரவில்லை. உதடுதான் அசைந்தது, ஆனால் மூன்று நாளாக இந்த வீட்டில் வேறு வார்த்தையே கிடையாது என்பதால் உதட்டைப் பார்த்தாலே போதும். தண்ணி. பொறுத்துக்கோ வடிவு, உச்சிப்பொழுது வரைக்கும்தான், வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பத்து முறை சொல்லியாகிவிட்டது, இந்த முறை வாய் வரவில்லை. சுக்குக் கஷாயத்தில் துணியை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினேன். ஈரம் உதட்டோடு நிற்க வேண்டும், தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கினாலும் ஜுரம் உள்ளே திரும்பிக்கொள்ளும் என்பது வைத்தியரின் கட்டளை. அவள் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டாள். இழுத்தேன், வந்துவிட்டது. பூங்காவனம் கவ்வியபோது இவ்வளவு சுலபமாக வரவில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் பல்லுக்கு இருந்த பிடி அதைப் பெற்றவளுக்கு இல்லையே என்று நினைத்தேன், ஏன் நினைத்தோம் என்று ஆகிவிட்டது. வேறு எதையாவது பார்க்கலாம். கூரையில் உடைந்த ஓடு. அதை மாற்றச் சொல்லி வடிவு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், மழை வரட்டும் பார்க்கலாம் என்று நானும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் காளயுக்தி வருஷத்தில் ஐப்பசி பிறந்து பாதி மாதம் ஓடியும் மழை எட்டிப் பார்க்கவில்லை, ஆகவே நான் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. நான் சொன்னது எப்போதும் சரியாகத்தான் போகும், அதுதான் என்னிடம் உள்ள கோளாறு. ஓட்டை வழியாக ஒரு முழத் துண்டு வெயில் தரையில் விழுந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. அது சுவரோரம் போய்ச் சேர்ந்தால் உச்சிப்பொழுது. இப்போது வடிவின் பாயைத் தொட்டிருக்கிறது. பாய்க்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் வெறுந்தரை. போன வாரம் அங்கே ஒரு சின்னப் பாய் கிடந்தது.

சபாபதி வைத்தியர் சிந்தாதிரிப்பேட்டையில் முப்பது வருஷமாகக் கை பிடித்துப் பார்க்கிறவர். ஜுரம் என்றால் வயிற்றைக் காயப்போடு, தண்ணீர் காட்டாதே, ஜுரம் தானே பசியெடுத்துப் போய்விடும் என்பார். எனக்கே சின்ன வயதில் அப்படித்தான் செய்தார்கள், நான் சாகவில்லை. ஆனால் இது அந்த ஜுரம் இல்லை என்கிறார்கள். பம்பாய் ஜுரமாம். ரயிலில் வந்ததாம், யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள் கொண்டுவந்து இறக்கியதாம். காலையில் பல் துலக்கியவன் மறுநாள் காலையில் இல்லை. எங்கள் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற பதினோரு பேரில் நான்கு பேர்தான் மிச்சம், மற்றவர்களுடைய எழுத்துப் பெட்டிகள் திறந்தபடி கிடக்கின்றன. ஊரே பயந்து ஆளுக்கொரு கைமருந்தாகத் தேடி ஓடியபோது நான் ஓடவில்லை. ஒருவரை நம்பினால் நம்பியதுதான். முன்னால் வைத்த பிரதியில் என்ன இருக்கிறதோ அதை ஒரு புள்ளி மாறாமல் கோத்துக் கொடுக்கிறவன் நான், பதினாறு வருஷமாக. தருமலிங்கம் கை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மெஷினில் ஏற்றலாம் என்று முதலாளியே சொல்வார். வைத்தியர் சொன்னதையும் அப்படித்தான் கோத்தேன். இரண்டாம் நாள் விடியற்காலையில் கண் விழித்துப் பார்க்கிறேன், வடிவு முந்தானைக்குள் டம்ளரை மறைத்துக்கொண்டு குழந்தையின் தலையைத் தூக்குகிறாள். கையைப் பிடித்தேன். "ஒரு வாய்ங்க. ஒரே வாய். அதுக்கு மேல நானே குடுக்க மாட்டேன்" என்றாள். அந்த ஒரு வாய்தான் கொல்லும் என்று சொல்லி டம்ளரைப் பிடுங்கினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. பூங்கா அந்த ஈரத்தைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கே தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துப் போர்ஷன் கன்னியம்மாவிடம் வைத்துவிட்டு வந்தேன், கண்ணில் படாமல் இருந்தால் கேட்காது என்று. பானை இருந்த மூலையில் இன்னும் வட்டமாக வெள்ளைத் தடம் இருக்கிறது. குழந்தை கடைசி இரண்டு நாளும் அந்தத் தடத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டது.

எல்லாம் முடிந்த பிறகு வைத்தியர் வந்து வாசலில் நின்றார். "நம்ம மருந்து பொய்யாகாதே தருமலிங்கம். நமக்குத் தெரியாம யாரோ தண்ணி காட்டியிருக்கணும்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் போனபின் நான் வடிவைப் பார்த்தேன். வெறுமனே பார்த்திருந்தால் கூடப் பரவாயில்லை. குடுத்தியா என்று கேட்டேன். அவள் குழந்தையின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "குடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமே" என்றாள். அதற்கப்புறம் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் பேசினாள், ஜுரத்தில். முதல் வார்த்தையே தண்ணி. நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை யாரிடமும் சொல்ல முடியாது, எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். இந்த முறை பிசகாமல் செய்வோம், ஒரு சொட்டுக்கூடக் காட்டாமல் இவளைப் பிழைக்க வைத்துவிட்டால் வைத்தியர் சொன்னது சரி என்று ஆகும், குழந்தைக்கு நான் செய்ததும் சரி என்று ஆகும். வைத்தியர் சொல் பலிக்க வேண்டும் என்று மூன்று நாளாக நான் வேண்டிக்கொள்வது வடிவுக்காக மட்டும் இல்லை. இப்படி ஒரு புருஷன். வெயில் பாயின் மேல் ஏறிவிட்டது. அவள் கால் விரல்கள் தெரிகின்றன, நகமெல்லாம் நீலம் பூத்திருக்கிறது. பூங்காவுக்கு நீலம் வந்து அரை நாளில்... வேண்டாம். அது நிழலாக இருக்கலாம். ஓட்டை சின்னது, வெளிச்சம் போதவில்லை. குனிந்து பார்த்தேன். நீலம்தான்.

வாசலில் கன்னியம்மா. முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு நிலைக்கு வெளியே நிற்கிறாள், உள்ளே வர மாட்டாள், நானும் கூப்பிட மாட்டேன். வைத்தியரை அழைத்துவரச் சொல்லி அவளைத்தான் அனுப்பியிருந்தேன், உச்சிப்பொழுதுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. ஒன்று அவர் வந்து கொடுக்காதே என்று இன்னொரு தடவை சொல்லட்டும், இல்லை கொடு என்று சொல்லட்டும். எதுவானாலும் அவர் வாயால் வரட்டும்.

"வைத்தியர் வூட்டுக்குப் போயாந்தேன் தம்பி. அவரே படுத்துட்டாரு" என்றாள் கன்னியம்மா. "முந்தாநாள்லேர்ந்து ஜொரம்."

"நினைவு இருக்கா?"

"எங்க? மருமவதான் பேசிச்சு. அவருக்கும் தண்ணி காட்டலயாம். படுக்கறதுக்கு முன்னாடி அவரே சொல்லி வெச்சாராம், நானே கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. கேட்டுக்கினேதான் கீறாராம்." ஒரு பொட்டலத்தை வாசற்படியில் வைத்தாள். "இதான் கடசிப் பொட்டலம்னு குடுத்துச்சு."

போய்விட்டாள். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மனுஷன் நம்பியதைத் தனக்கும் செய்துகொண்டு கிடக்கிறார். அதுதான் பயமாக இருந்தது. ஏமாற்றுக்காரராக இருந்தால் நான் ஏமாந்தவன் என்றாவது ஆகும். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேன் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும். இருட்டு மூலையில் மருந்து சிந்திவிடும் என்று வெயில் விழும் இடத்தில் வைத்துப் பிரித்தேன். பூங்காவுக்கு ஏழு பொட்டலம் பிரித்திருக்கிறேன், வடிவுக்கு இது ஐந்தாவது. ஒன்றையும் வெளிச்சத்தில் பிரித்ததில்லை. மருந்து வெள்ளைப் பக்கத்தில் இருக்கும், அச்சடித்த பக்கம் அடியில். நான் திருப்பிப் பார்க்கிற ஜாதி இல்லை. பகல் முழுக்க எழுத்திலேயே கையை விட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தபின் எழுத்தைக் கண்டாலே கசக்கும், வடிவுக்கோ படிக்கத் தெரியாது. காகிதங்களை அவள் அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொள்வாள். இப்போது மட்டும் ஏன் பார்த்தேன் என்றால் வெயில் காகிதத்தை ஊடுருவி அடிப்பக்கத்து எழுத்தை இடம் வலம் மாற்றிக் காட்டியது. அப்படித்தானே நான் எழுத்தைப் பார்த்துப் பழகியவன். நேராக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். ஒரு ‘கு’. வால் முறிந்த ‘கு’. என் பெட்டியில் இருக்கிற ‘கு’. அதைத் தூக்கி எறிய மனசில்லாமல் எப்போதும் கடைசி வரியில் எங்காவது ஒளித்து வைத்து ஓட்டிவிடுவேன். பட்டணத்தில் வேறு எந்த அச்சாபீஸிலும் அப்படி ஒரு ‘கு’ இருக்காது. மருந்தை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு காகிதத்தைத் திருப்பினேன்.

புரட்டாசிக் கடைசியில் வந்த வேலை. சர்க்கார் நோட்டீஸ், அவசரம், சாயந்திரத்துக்குள் ஆயிரம் வேண்டும் என்று முதலாளி தலைக்கு மேல் வந்து நின்றார். நான்தான் கோத்தேன். அந்தப் பகல் முழுக்க ஞாபகம் இருக்கிறது. எதிர்க் கடையில் யாரோ கத்திரிக்காய் வதக்கிய வாசனை, கட்டைவிரலில் வெட்டுக்காயம், இருபத்தேழு வரி, நடுவில் ‘ண்’ இருக்கிற அறை காலியாகிப்போய்ப் பக்கத்துப் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்தது. இந்தப் பாழாய்ப்போன நோட்டீஸுக்கு எத்தனை ‘ண்’தான் வேண்டும் என்று அலுத்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்க வழியில்லை. படித்துக்கொண்டு கோக்கிறவனுக்குக் கை ஓடாது, அர்த்தம் குறுக்கே வந்தால் எழுத்து தப்பும், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே முதுகில் தட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பிரதியைப் பார், எழுத்தை எடு, தட்டில் வை, அடுத்த எழுத்து. புரூஃபிலும் பிழைதான் தேடுவோம். அந்த நோட்டீஸில் ஒரு பிழை கிடையாது. இப்போதும் பார்க்கிறேன், கிடையாது. ‘நோயாளிக்குத் தாகம் உண்டாகும்போதெல்லாம் காய்ச்சி ஆறின தண்ணீரைத் தடையின்றிக் கொடுக்க வேண்டியது. தண்ணீர் கொடுத்தால் ஜுரம் அதிகமாகுமென்பது தவறான எண்ணம். தண்ணீர் இல்லாமல் பலவீனப்பட்டே குழந்தைகள் விசேஷமாய் இறக்கின்றன.’ மூன்று வரி. மூன்றையும் என் கைதான் கோத்தது. பூங்காவுக்கு ஜுரம் வர அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது. மிச்சமான தாள்கள் பழைய காகிதத்தோடு கடைக்குப் போய், கடையிலிருந்து வைத்தியர் வீட்டுக்குப் போய், மருந்தைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கே வந்திருக்கின்றன. பொட்டலம் எல்லாம் இதே தாள்தான், விரலுக்குத் தெரியும். பூங்காவுக்கு மட்டும் ஏழு தடவை. ஏழு தடவையும் நான் பிரித்து, மருந்தை எடுத்துக்கொண்டு, காகிதத்தை அடுப்போரம் வைத்தேன்.

சரி, படித்தாயிற்று, எழுந்திரு, போய்ப் பானையைக் கொண்டுவா. உட்கார்ந்துதான் இருக்கிறேன். வெயில் வடிவின் முழங்காலுக்கு வந்துவிட்டது. நோட்டீஸும் தப்பாக இருக்கலாமே. சர்க்காருக்கு என்ன தெரியும், அரிசி கிடைக்கச் செய்யத் தெரியாத சர்க்கார், ஜுரத்தை என்ன கண்டது. வைத்தியர் முப்பது வருஷம் பார்த்தவர். இன்னும் ஒரு நாழிகையோ என்னவோதான் உச்சிப்பொழுதுக்கு, இவ்வளவு பொறுத்தவள் அதையும் பொறுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள், காகிதத்தை அடுப்பில் போட்டுவிடலாம், அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி யோசிக்கிறது என் தலை. நான் யோசிக்கச் சொல்லவில்லை, அதுவாக யோசிக்கிறது. கொடுத்து இவள் பிழைத்துவிட்டால்? அதுதான் விஷயம். இவள் செத்துவிடுவாளோ என்கிற பயத்தை மூன்று நாளாகச் சுமந்தாயிற்று, அது பழகிவிட்டது. இவள் தண்ணீர் குடித்துக் கண் திறந்துவிட்டால் அப்புறம் அந்தச் சின்னப் பாயைப் பற்றி நான் என்ன சொல்லிக்கொள்வேன். சிந்திய ஈரத்தைக் குழந்தை பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேனே, அது பார்த்ததோடு நிற்கவில்லை, புரண்டு வந்து தரையில் வாயை வைத்தது. நான் துணி போட்டுத் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்தேன். புதைக்கப் போன இடத்தில் குழி வெட்டியவன், "சின்னக் கொயந்தைக்கு எள்ளும் தண்ணியும் கெடையாது சாமி, மண்ணத் தள்ளிட்டுப் போங்க" என்றான். இருக்கும்போதும் கிடையாது, போனபிறகும் கிடையாது. அங்கே கூட நான் வாதாடவில்லை. முறை அதுதான் என்றால் அதுதான்.

"ஏங்க" என்றாள். சத்தம் வந்தது. கண் மூடியேதான் இருந்தது. குனிந்தேன். தண்ணி என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "பூங்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

எழுந்துவிட்டேன், கையில் இருந்த மருந்து கொட்டிப்போயிற்று. கன்னியம்மாவின் கதவு சாத்தியிருந்தது, தட்டாமல் தள்ளிக்கொண்டு போனேன். அவள் அடுப்படியில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் முந்தானையை மூக்கில் ஏற்றினாள். தண்ணி வேணும் என்றேன், காய்ச்சினதாக இருந்தால் நல்லது. மூலையில் ஒரு சொம்பைக் காட்டினாள். "அதா கீது, ஆறிப்போயிருக்கும். பத்து பதினஞ்சு நாளா நான் காய்ச்சித்தான் குடிக்கிறேன். தெரு மொனையில நோட்டீசு படிச்சுக் காட்டிட்டுப் போனாங்களே."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனே. ஜொரக்காரங்களுக்குத் தண்ணி குடுக்கணும்னுகூடச் சொன்னாங்க. நீ பானையக் கொண்டாந்து இங்க வெச்சப்போ சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ படிச்சவன், அச்சாபீஸ்ல இருக்கிறவன். ஒனக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்னு வுட்டுட்டேன்."

சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி தூரம்தான், இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், தளும்பியது. வடிவின் தலையை மடியில் வைத்து டம்ளரை உதட்டில் சாய்த்தேன். முதல் வாய் வெளியே வழிந்தது. துடைக்கவில்லை. இரண்டாவது வாய் உள்ளே போனது, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன், உலகத்தில் பார்க்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது வாய்க்கு அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. டம்ளர் காலியானது. எனக்கு அழுகை வந்தது, சத்தமாகவே வந்தது, ஆண்பிள்ளை அழுவது பக்கத்துப் போர்ஷனுக்குக் கேட்குமே என்று தோன்றியது, கேட்டுவிட்டுப் போகட்டும். அவள் கண்ணைத் திறந்தாள். சிவந்து கலங்கியிருந்தது, ஆனால் என்னைத்தான் பார்த்தது.

"வைத்தியர் குடுக்கச் சொல்லிட்டாரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வைத்தியர் வந்து மறுக்கப்போவதில்லை. ஒரே வார்த்தை, அவள் நிம்மதியாகத் தூங்குவாள், நானும் மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவேன். நகம் நீலமாகத்தான் இருக்கிறது, இவள் பிழைப்பாளா என்று இன்னும் தெரியாது. சாகப்போகிறவளிடம் எதற்கு, பிழைக்கப்போகிறவளிடம் எதற்கு, இரண்டு பக்கமும் ஆமாம் என்பதுதான் நியாயமாகத் தெரிந்தது.

"இல்ல" என்றேன். "நோட்டீஸ்ல போட்டிருக்கு. மருந்து மடிச்சு வர்ற காகிதத்துல. நான் கோத்ததுதான், படிக்கல."

அவள் தரையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். தெரியாத எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பூங்கா பொட்டலத்துலயுமா?"

"ஆமா."

அடிக்கலாம், காறித் துப்பலாம், இனி இந்த ஜன்மத்தில் பேசாமல் இருக்கலாம், எதுவும் அவள் இஷ்டம். மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்து கீழே விழுந்தது. பிறகு, "இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றாள். அவசரமாக ஊற்றினேன், இன்னும் குடிக்கிறாள், குடித்தால் பிழைத்துக்கொள்வாள் என்று. டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே பாயும் இல்லை, ஒன்றும் இல்லை, வெயில் துண்டு மட்டும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அங்க வைங்க" என்றாள்.

வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவு தள்ளி இல்ல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். அவளுக்கு எட்டணும்."

நகர்த்தி வைத்தேன்.